மீன் குஞ்சு நாற்றங்கால்: முதல் இருபது நாளில் எந்த உயிர் எப்போது வரும், என்ன செய்ய வேண்டும்

புதிதாக நாற்றங்கால் குளம் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது பறவை வலை. கொக்கும் நீர்க்காகமும் கண்ணுக்குத் தெரிகிற எதிரி, அதனால் கை அங்கேதான் போகிறது. ஆனால் மூன்று நாள் வயதுக் குஞ்சு ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். நீர்க்காகம் அதைத் தேடி வராது. அந்த வயதில் அதைக் காலி செய்வது தண்ணீருக்குள் இருக்கும் பூச்சி. வலையைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவரின் குளத்தில் ஒரே வாரத்தில் பாதிக் குஞ்சு காணாமல் போவது இப்படித்தான்.

அதனால் இந்த வழிகாட்டி குஞ்சின் வயதைப் பின்பற்றிப் போகிறது. குஞ்சு வளர வளர அதைத் தின்ன வருகிற உயிரும் மாறும். இங்கே சொல்வது காவிரி டெல்டா பக்கத்து மண் குளங்களுக்கு, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளுக்குப் பொருந்தும். அளவுகளை எல்லாம் 10 சென்ட் குளம், ஒரு மீட்டர் தண்ணீர் என்று வைத்துக் கொடுத்திருக்கிறேன். உங்கள் குளத்துக்கு ஏற்பப் பெருக்கிக் கொள்ளுங்கள்.

1. குஞ்சு சொல்லி வைக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சுண்ணாம்பு 10 கிலோ. கடலைப் பிண்ணாக்கு 30 கிலோ, பச்சைச் சாணம் 8 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ. இவை உரத்துக்கு. தீவனத்துக்குக் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் தனியாக வேண்டும். மலிவான தாவர எண்ணெய் இரண்டேகால் கிலோ, சலவை சோப்பு முக்கால் கிலோ. கொசுவலைத் துணியில் தைத்த இழுவலை ஒன்று, அதே துணியில் ஹாப்பா (குளத்துத் தண்ணீருக்குள் கட்டும் வலைத் தொட்டி) இரண்டு. ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பேசின். கரையைச் சுற்றிக் கட்டப் பச்சை நிழல்வலை. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், நல்ல டார்ச்.

இந்தப் பட்டியலில் எல்லோரும் விட்டுவிடுவது வெள்ளை பேசினை. தண்ணீரில் என்ன ஓடுகிறது என்று பார்க்க அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. வெள்ளை நிறத்தில்தான் வேண்டும். பச்சை, நீல பேசினில் பூச்சி தெரியாது.

குளத்தின் ஆழம் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் போதும். முதல் தடவை செய்கிறவர்கள் பெரிய குளத்தில் இறங்க வேண்டாம். 10 சென்ட் என்றால் ஒரே ஆள் கரையைச் சுற்றி வந்து எல்லா மூலையையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

2. காய வைப்பது: பழைய குடித்தனக்காரர்களைக் காலி செய்தல்

குளத்தை வடித்து, அடி வெடிக்கும் வரை காய விடுங்கள். விரால், கெளுத்தி, உளுவை, ஜிலேபி ஆகியவற்றை ஒழிக்க இதுதான் மலிவான வழி. அரைகுறையாகக் காய்ந்த குளத்தில் மதகடிக் குழியில் கொஞ்சம் சேறும் தண்ணீரும் நிற்கும். காற்றைச் சுவாசிக்கும் விராலுக்கு அது போதும். ஒரே ஒரு விரால் தங்கினாலும் நாற்றங்காலுக்குச் செலவழித்த பணம் அதன் வயிற்றுக்குத்தான் போகும்.

வடிக்க முடியாத குளமாக இருந்தால் இலுப்பைப் பிண்ணாக்கு. 10 சென்ட்டுக்கு 100 கிலோ ஆகும். அதன் விஷம் இரண்டு, மூன்று வாரம் தண்ணீரில் நிற்கும், பிறகு அதுவே உரமாகிவிடும். ஆகவே குஞ்சு வரும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். "பத்து நாள் ஆச்சு, சரியாயிருக்கும்" என்று விட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் ஒரு ஹாப்பாவில் நூறு குஞ்சை விட்டு ஒரு நாள் பாருங்கள்.

பிண்ணாக்குப் போட்ட அன்று மீன்கள் மயங்கி மேலே வரும். கொக்கு, நாரை, பருந்து எல்லாம் கூடும். விரட்ட வேண்டாம். அவை தின்றால் கரை சுத்தமாகும், நமக்கு அள்ளும் வேலை குறையும். மிச்சத்தை வலை போட்டு எடுத்து விடுங்கள்.

காய்ந்த அடியில் சுண்ணாம்பைத் தூவுங்கள். அதே சமயம் கரையைச் சுற்றி நடந்து நண்டு வளை, பெருச்சாளி வளை எல்லாவற்றையும் களிமண் திணித்து மிதித்து அடைத்து விடுங்கள். தண்ணீர் கசியும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, காலியான எலி வளையில் குடியேறுவது பாம்பு. வேலையைத் தண்ணீர் விடுவதற்கு முன்பே முடித்துவிட்டால் பிறகு வளைக்குள் கை விடும் அவசியம் வராது. எந்த நாளிலும் வளைக்குள் கை விடாதீர்கள், கம்பியைப் பயன்படுத்துங்கள்.

3. தண்ணீர் விடுவது: சீக்கிரம் விட்டால் நஷ்டம்

இங்கேதான் வரிசை முக்கியம். முதலில் நிழல்வலை வேலி, அடுத்து மடை வடிகட்டி, அதன் பிறகுதான் தண்ணீர்.

நிழல்வலையை இரண்டரை, மூன்று அடி உயரத்துக்கு, அடியில் அரை அடி மண்ணில் புதைத்துக் கட்டுங்கள். தவளை, பாம்பு, பனையேறிக் கெண்டை மூன்றையும் ஒரே வேலி தடுக்கும். பனையேறி மழை இரவில் ஈரத் தரையில் நகர்ந்தே அடுத்த குளத்துக்குப் போய்விடும். நம்பாதவர்கள் முதல் மழைக்குக் கரையில் டார்ச்சோடு நின்று பார்க்கட்டும். வேலிக்கு நைலான் மீன்வலையைப் பயன்படுத்தாதீர்கள். அதில் பாம்பு தலையை விட்டுச் சிக்கிக்கொள்ளும், பிறகு அதை யார் எடுப்பது என்ற பிரச்சினை வரும்.

மேட்டூரிலிருந்து வழக்கப்படி ஜூன் 12ல் தண்ணீர் திறந்தால், நம் வாய்க்காலுக்கு வரும் புதுத் தண்ணீரோடு காட்டு மீன்களின் முட்டையும் குஞ்சும் சேர்ந்தே வரும். வாய்மடையில் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகப் பை போலக் கட்டி, அதன் வழியாகத்தான் தண்ணீர் விழ வேண்டும். பை அடைத்துக்கொள்ளும், அடிக்கடி உதற வேண்டும். அலுத்துப்போய்க் கழற்றிவிடும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் விரால் குஞ்சு உள்ளே போகும். போர் தண்ணீராக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதில் காற்று குறைவு. உயரத்திலிருந்து பலகை மேல் விழவைத்துச் சிதற விடுங்கள்.

எப்போது நிரப்புவது? குஞ்சு வருவதற்கு ஐந்து, ஆறு நாள் முன்னால். தண்ணீர் நின்றால் பூச்சி பறந்து வந்து இறங்கும். பத்துப் பதினைந்து நாள் முன்பே நிரப்பி வைத்த குளம் குஞ்சு வரும்போது பூச்சிப் பண்ணையாக இருக்கும்.

4. உரம்: குஞ்சுக்கு முதல் சாப்பாடு

கடலைப் பிண்ணாக்கை முந்தின நாளே ஊறவைத்து, சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் கலந்து கூழாக்கி, மொத்த அளவில் பாதியைக் குஞ்சு விடுவதற்கு இரண்டு, மூன்று நாள் முன் குளம் முழுக்கத் தெளியுங்கள். மீதியைப் பின்னால் தண்ணீர் நிறத்தைப் பார்த்து இரண்டு, மூன்று தவணையாகக் கொடுங்கள். மூட்டையை அப்படியே மூலையில் கொட்டினால் அங்கே மட்டும் அழுகி, அந்த மூலையில் காற்று போய்விடும்.

இந்த உரத்தில் உருவாகும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மிதவைப் பிராணிகள்தான் குஞ்சுக்கு முதல் உணவு. ஐம்பது லிட்டர் தண்ணீரை மெல்லிய துணியில் வடித்து, அளவுக் குழாயில் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் படிய விடுங்கள். அடியில் ஒன்றரை, இரண்டு மில்லி படிந்தால் குளம் தயார்.

5. குஞ்சு விடும் முந்தின நாள்: சோப்பு எண்ணெய்

முழு வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கொசுவலை இழுவலையைக் கரையோரம் ஒரு தடவை இழுத்து வெள்ளை பேசினில் கொட்டுங்கள். மல்லாந்து நீந்தும் ஒரு பூச்சி தெரியும். அரிசி நீளம் இருக்கும், சில இனம் அதைவிடப் பெரிது. வயிற்றுப் பக்கம் காற்றை ஒட்ட வைத்திருப்பதால் வெள்ளி மாதிரி மின்னும். பின்னங்கால் இரண்டையும் துடுப்பாக வீசி விருட்டென்று பாய்ந்து, அவ்வப்போது மேலே வந்து வால் நுனியால் காற்றை எடுக்கும். அதுதான் முதுகு நீச்சல் பூச்சி. பேசினுக்குள் ஒரு குஞ்சை விட்டுப் பாருங்கள். முன்னங்காலால் அணைத்து, ஊசி வாயைக் குத்தி உறிஞ்சிவிட்டு, வெள்ளையாய்ப் போன தோலை நழுவ விடும். அடுத்ததற்குப் போகும். பசிக்கு மட்டும்தான் கொல்கிறது என்றும் சொல்ல முடியாது. கூடவே நீர்த்தேள், நீர் வண்டு, அதன் புழு எல்லாம் இருக்கும்.

இவை அநேகமாக எல்லாம் மேலே வந்து காற்று எடுக்கிறவை. அதனால் தண்ணீர் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்தால் காற்றுக் குழாய் அடைபட்டுச் செத்துவிடும். சோப்பை வெந்நீரில் கரைத்து, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பால் போல வெளுக்கும் வரை அடித்து, குஞ்சு விடுவதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பு தெளியுங்கள். காற்று அடிக்கும் நேரத்தில் செய்தால் படலம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், செலவுதான் மிச்சம். விடியற்காலை அல்லது காற்று நின்ற மாலை சரியான நேரம். பல இடங்களில் டீசல் ஊற்றுகிறார்கள். எண்ணெய் கிடைக்கும்போது அது தேவையில்லை என்பது என் கருத்து.

ஒன்று மட்டும் இதற்குச் சாகாது. தட்டான் குஞ்சு. அது மேலே வருவதே இல்லை, வால் பக்கத்து உள்செவுளால் தண்ணீரிலிருந்தே சுவாசிக்கும். எண்ணெய் தெளித்துவிட்டோமே என்று இருந்துவிடாமல் மறுநாள் காலை இழுவலையை இரண்டு தடவை ஓட்டி, செத்த பூச்சியையும் சாகாத தட்டான் குஞ்சையும் சேர்த்து எடுங்கள். தட்டான் குஞ்சைப் பக்கத்து வயலில் விட்டால் அங்கே கொசுப் புழுவைத் தின்னும்.

அப்புறம் விளக்கு. இந்தப் பூச்சிகள் இரவில் பறந்து வெளிச்சத்தைத் தேடி வருகிறவை. திருட்டுக்குப் பயந்து குளத்து மேலேயே பளிச்சென்று எல்.இ.டி. மாட்டி வைத்தால், கொன்ற பூச்சிக்குப் பதில் அன்று இரவே புதுப் பூச்சி இறங்கும். விளக்கு வேண்டுமானால் குளத்திலிருந்து தள்ளி, கொட்டகை வாசலில் மாட்டுங்கள்.

6. குஞ்சு விடுதல்

10 சென்ட்டுக்கு ஒன்றேகால் லட்சம் முதல் இரண்டு லட்சம் வரை விடலாம். முதல் தடவை என்றால் ஒன்றேகாலோடு நிறுத்துங்கள். நன்றாக நடத்தினாலும் மண் குளத்தில் 30, 40 சதவீதம் பிழைப்பதே வழக்கம். அதிகமாக விட்டால் அதிகமாக மிஞ்சும் என்பது கணக்குப் புத்தகத்தில் மட்டும்தான்.

காலை அல்லது மாலை வெயில் இல்லாத நேரத்தில், ஆக்சிஜன் பையைத் திறக்காமல் கால் மணி நேரம் குளத்தில் மிதக்க விடுங்கள். பிறகு திறந்து, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, வாயைச் சாய்த்துத் தானாக நீந்திப் போக விடுங்கள். கொட்டாதீர்கள். சூடு மாறினால் குஞ்சு உடனே சாகாது, மறுநாள்தான் தெரியும், அதற்குள் பழி பூச்சி மேல் போயிருக்கும்.

7. தினசரி வேலை, மணிப்படி

விடியும் முன். தண்ணீரில் காற்று மிகக் குறைவாக இருக்கும் நேரம் இதுதான். டார்ச்சை மேல்வாட்டில் அடித்துப் பாருங்கள். குஞ்சு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே புதுத் தண்ணீர் விட வேண்டும், உரத்தையும் தீவனத்தையும் அன்றைக்கு நிறுத்த வேண்டும். கரைக்கு வரத் தாமதமானால் பறவையே சொல்லிவிடும். விடிந்ததும் மீன்கொத்தியும் மடையானும் ஒரே மூலையில் வரிசையாக நின்றால், அந்த மூலையில் குஞ்சு மூச்சுத் திணறி மேலே நிற்கிறது என்று அர்த்தம். பறவையை ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறவர் நோயை விட்டுவிட்டு அறிகுறியைத் துரத்துகிறார்.

காலை. வேலிக்கு உள்ளே கரையோரம் ஒரு சுற்று. தவளை முட்டை நுரை மாதிரி, ஜெல்லி மாதிரி ஒதுங்கியிருக்கும். தேரையின் முட்டை கருப்பு மணி கோத்த நீள நூலாகப் புல்லைச் சுற்றிக் கிடக்கும். இரண்டையும் வாளியில் அள்ளி வெளிப் பள்ளத்தில் விடுங்கள். தாமதித்தால் தலைப்பிரட்டையாகிவிடும். பெரும்பாலானவை குஞ்சின் தீவனத்தில் பங்கு கேட்கும், பெரிய வயல் தவளையின் தலைப்பிரட்டையோ குஞ்சையே தின்னும். மழைக்கு மறுநாள் இந்தச் சுற்று கட்டாயம்.

தீவனம். பிண்ணாக்குத் தூளும் சலித்த தவிடும் சம அளவு. ஒன்றேகால் லட்சம் குஞ்சுக்கு முதல் ஐந்து நாள் தினம் 750 கிராம், ஆறாம் நாளிலிருந்து ஒன்றரை கிலோ. காலை, மாலை இரண்டாகப் பிரித்துத் தூவுங்கள். மிஞ்சினால் அழுகும். தீவன மூட்டையை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். மூட்டையைத் தரையில் போட்டால் எலி வரும், எலி பின்னால் நல்ல பாம்பு வரும்.

மாலை. வலை வேலியில் கிழிசல், மடைப் பையில் ஓட்டை, இரண்டையும் பாருங்கள். பத்து நாளில் குஞ்சு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அப்போதுதான் பறவை உண்மையிலேயே கணக்கில் வருகிறது.

8. இரண்டாம் வாரத்திலிருந்து: பறவைகள்

எல்லாப் பறவையும் எதிரி இல்லை. உண்ணிக்கொக்கு பூச்சி பிடிக்க வருகிறது, விடுங்கள். மடையான் கரையோரத்தில் அசையாமல் நின்று எட்டும் தூரத்தில் மட்டும் பிடிக்கும். கரையைச் சரிவாக விடாமல் கொஞ்சம் செங்குத்தாக வெட்டி, ஓரத்து ஆழத்தை ஓரடிக்கு மேல் வைத்தால் அதற்கு நிற்க இடமில்லை. மீன்கொத்திக்கு உட்காரக் கம்பு வேண்டும். குளத்தின் நடுவே நட்ட குச்சிகளைப் பிடுங்கி, மேலே போகும் கம்பியை மாற்றினால் பாதிக் குறையும். நின்ற இடத்திலேயே சிறகடித்து அப்படியே செங்குத்தாக விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்திக்கு மட்டும் இது செல்லாது.

நீர்க்காகமும் முக்குளிப்பானும் வந்தால் கயிறு தேவை. தடித்த, கண்ணுக்குத் தெரிகிற வெள்ளை அல்லது மஞ்சள் கயிறை ஒன்றரை அடி இடைவெளியில் குறுக்கே இழுத்துக் கட்டுங்கள். நீர்க்காகம் தண்ணீரில் இறங்கவும் ஏறவும் ஓடுபாதை தேடும், கயிறு அதைக் கெடுக்கும். மெல்லிய தங்கூசி நரம்பு வலை மலிவாகக் கிடைக்கும், அதைக் கட்டாதீர்கள். பறவைக்குத் தெரியாது, சிறகு சிக்கித் தொங்கிச் சாகும். இரவில் வக்கா வரும், அதன் ஒற்றைக் குரலை வைத்தே தெரிந்துகொள்ளலாம். அதற்கும் இதே கயிறுதான்.

பட்டாசு, தகர டப்பா, சோளக்கொல்லை பொம்மை எல்லாம் சில நாள்தான். பிறகு நீர்க்காகம் அந்தப் பொம்மை மேலேயே சிறகு காய வைக்கும்.

9. பாம்பு

குளத்தில் அடிக்கடி பார்ப்பது தண்ணீர்ப் பாம்பு, நம் பக்கத்தில் நீர்க்கோலி என்பார்கள். விஷம் இல்லை, ஆனால் முன்கோபி, கடிக்கும். சீண்டினால் கழுத்தைத் தட்டையாக்கும், அதைப் படம் என்று நினைத்து நல்ல பாம்பு என்று அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்குக் கீழேயும் பின்னேயும் சாய்வாக இரண்டு கருப்புக் கோடு, உடம்பில் சதுரங்கக் கட்டம் போலப் புள்ளி. இதை மனதில் வையுங்கள். அதற்காக அடையாளம் பார்க்கக் கிட்டே போக வேண்டாம். வேலிக்குள் வந்துவிட்டால் வேலியின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு வழி கொடுங்கள், போய்விடும். கொட்டகைக்குள் வந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

காவல் இருக்கிறவர் தரையில் படுக்கக் கூடாது. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்தவரைத்தான் கடிக்கும், பல சமயம் கடித்த வலியே தெரியாது. கட்டில், நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலை, கைக்கு எட்டும் டார்ச். இது பேரம் பேசும் விஷயமில்லை. விடியற்காலையில் காரணம் இல்லாமல் வயிற்று வலி, கண் இமை சொருகுதல் என்றால் பாம்புக் கடியாக எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். 108ஐ அழையுங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம்.

10. நீர்நாய், உடும்பு, மற்றவை

ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் பக்கத்தில் பண்ணை இருந்தால் நீர்நாய் வரும். குஞ்சுக் குளத்துக்கு அல்ல, தாய் மீன் குளத்துக்கு. கூட்டமாக வரும். கரையில் ஒரே இடத்தில், மீன் செதில் கலந்த, நாற்றமடிக்கும் எச்சம் குவிந்திருந்தால் அடையாளம் அதுதான். தாய் மீன் குளத்தை வீட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், அடி புதைத்த கனமான கம்பி வலை போடுங்கள், இரவில் நாய் இருக்கட்டும். வேலியில் வீட்டு மின்சாரத்தை விடுவது குற்றம், நீர்நாயைவிட முதலில் சாவது பக்கத்து வயல்காரராகவும் இருக்கலாம்.

நீர்நாய், உடும்பு, நீர்க்கோலி எல்லாம் 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை. பொறி, விஷம் எதையும் வைக்காதீர்கள். கீரி வந்தால் விட்டுவிடுங்கள், கரையில் எலியும் பாம்பும் குறையும்.

11. பிடிப்பதும், அடுத்த சுற்றும்

பதினைந்து முதல் இருபது நாளில் குஞ்சு 20, 25 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். பிடிக்கும் முந்தின நாள் தீவனத்தை நிறுத்துங்கள். வயிறு நிறைந்த குஞ்சு பைக்குள் கழிந்து தண்ணீரைக் கெடுத்து வழியிலேயே சாகும். விடியற்காலையில் வலை போட்டு, ஹாப்பாவில் சில மணி நேரம் அடைத்து வைத்து, பிறகு எண்ணிப் பை போடுங்கள். ஹாப்பாவுக்கு மேல் வலை மூடி கட்டாயம். அடைபட்ட குஞ்சு என்றால் மீன்கொத்திக்குக் குறி பார்க்கும் வேலைகூட இல்லை.

ஒரே பருவத்தில் இரண்டாம் சுற்று எடுப்பவர்கள் குளத்தை மறுபடி வடித்து, வெயில் கிடைத்த நாட்களுக்குக் காயவிட்டு, 3ம் பகுதியிலிருந்து தொடங்கலாம். இலுப்பைப் பிண்ணாக்கு மறுபடி தேவைப்படாது. சோப்பு எண்ணெய் தேவைப்படும். மழைக்காலத்தில் பூச்சி முதல் சுற்றைவிட அதிகமாக இருக்கும், அதனால் பேசினில் பார்த்துவிட்டு, மிச்சம் இருந்தால் இரண்டாம் முறையும் தெளித்து, குஞ்சு வருவதை ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.